படம் வருமுன் எழுதி வையுங்கள்

2025 தை மாதக் கடைசியில் அசோக ஹந்தகமவின் ‘ராணி’ திரைக்கு வந்தது. எங்கள் கொலன்னாவை ஒழுங்கைப் பிள்ளைகள் நாலு பேர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். 1990 பெப்ரவரி 18 அதிகாலை, ராஜகிரிய வெலிக்கடவத்தை வீட்டிலிருந்து பத்திரிகையாளர் ரிச்சர்ட் டி சொய்சாவை ஆயுதங்களோடு வந்தவர்கள் கொண்டுபோனார்கள். அவருடைய உடல் மொறட்டுவைக் கடலில் கிடைத்தது. அவருடைய தாய் டொக்டர் மனோராணி சரவணமுத்துவின் கதைதான் அந்தப் படம். அந்த வீடு இருந்தது எங்களுக்கு அடுத்த ஊரில். திரும்பி வரும்போது ஒரு பிள்ளை கேட்டது: “தாத்தா, இப்பிடியேதான் நடந்ததா?”

பஸ்ஸில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமா அது? அந்த நாலு பேரும் 2022இல் காலிமுகத்திடல் போராட்டத்தில் நின்ற பிள்ளைகள். அவர்கள் கண்டதும் ஒருநாள் படமாக வரும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. படத்தைப் பார்க்குமுன் உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். பார்த்த பிறகு எழுதினால் அது உங்களுடையதாக இருக்காது.

இதை நான் பிந்தித்தான் அறிந்தேன். 1983 ஜூலை 24, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கொல்லப்பட்ட 13 இராணுவத்தினரை அடக்கம் செய்யவென்று கொழும்பு பொரளை கனத்தை மயானத்தில் கூட்டம் கூடிய இரவு. அங்கே தொடங்கிய தமிழர் மீதான வன்முறை விடியும்போது ஊரெல்லாம் புகையாக நின்றது. பிற்பகலில் ஊரடங்கு போடுமுன்னரே எத்தனையோ வீடுகள் எரிந்துவிட்டன. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா எங்களைத் தன் சாமான் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். அவர் வாசலில் நின்று, தீப்பந்தம் பிடித்த கூட்டத்தைப் பார்த்துக் கத்தித் துரத்தினார் என்று இருபது வருஷமாகச் சொல்லிவந்தேன். சொல்லும்போது அவருடைய விரித்த தலைமயிர்கூட என் கண்ணுக்குத் தெரியும்.

ஒருநாள் தங்கை மறித்தாள். “அண்ணா, அவ கத்தவேயில்லை. வாசற்படியில திருவலையைப் போட்டுத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. கதவு இடுக்கால நான் பார்த்தனான்.”

அவள் சொன்ன பிறகு அந்தச் சத்தம் எனக்கும் திரும்பி வந்தது. கரகரவென்று, ஒரே சீராக. கூட்டம் கடந்து போகும்வரை அது நிற்கவில்லை. தீப்பந்தமும் விரித்த தலையும் ஏதோ படத்திலிருந்து எனக்குள் வந்து குடியேறியவை. எங்களைக் காப்பாற்றியவரின் உண்மையான தைரியத்தை இருபது வருஷம் தொலைத்துவிட்டிருந்தேன். அவர் இருக்கும்போது இதை நேரில் சொல்லவும் கிடைக்கவில்லை.

2. நடிகரின் முகம், உடுப்பு, வீட்டுத் தளபாடம் இவற்றை வைத்துச் சண்டை பிடிக்காதீர்கள். மனோராணி சிகரெட்டும் மதுவுமாகக் காட்டப்பட்டதில் அவரை அறிந்தவர்கள் சிலர் மனம் நொந்தார்கள். அந்த நோவு நியாயமானது. ஆனாலும் மனோராணியாக நடித்த சுவர்ணா மல்லவாரச்சி மகனைத் தேடி நிற்கிற நிலையில் நான் கண்டது, அந்தக் காலத்தில் எங்கள் தெருக்களில் கண்ட தாய்மாரைத்தான்.

3. மொழியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஷியாம் செல்வதுரையின் நாவலைத் தீபா மேத்தா 2020இல் ‘ஃபன்னி போய்’ என்று படமாக்கினார். 83இல் போய் முடிகிற கதை. அதில் பேசப்பட்ட தமிழ் எங்கள் தமிழாக இல்லை என்று தமிழர் குரல் எழுப்பினார்கள். இது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால், 83இல் றோட்டில் மறித்து என்ன கேட்டார்கள் என்று சொல்லுங்கள். வாளியைச் சிங்களத்தில் சொல்லச் சொன்னார்கள். அது ‘பால்திய’. அந்த முதல் எழுத்தைத் தமிழ் நாக்கு ‘வ’ என்று புரட்டினால் ஆள் தமிழன் என்று தெரிந்துவிடும். ஓர் எழுத்தின் உச்சரிப்பில் உயிர் தொங்கிய நாட்களைப் படமாக்குபவர்கள் எங்கள் உச்சரிப்பைச் சரியாகப் பிடிக்க வேண்டும். அதைக் கேட்பதில் வெட்கப்படாதீர்கள்.

4. திரைக்குள் வராதவர்களைத் தேடிப் படியுங்கள். தெற்கில் 1990இல் உருவான அன்னையர் முன்னணிக்கு மனோராணி தலைவியானார். யாழ்ப்பாணத்துத் தாய்மார் 1984இலேயே, பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளைக் கேட்டு, அதே பெயரில் ஒன்றுகூடிவிட்டார்கள். ஒரு படம் எல்லாவற்றையும் சொல்லாது, சொல்லவும் முடியாது. மீதியைத் தேடுவது பார்த்தவரின் வேலை.

5. வயதானவர்களைக் கூட்டிப் போனால் ஓரத்து இருக்கை எடுங்கள். இடையில் எழும்பிப் போனால் பின்னாலே ஓடாதீர்கள். 89இல் றோட்டோரம் பிணங்களோடு டயர் எரிந்த மணம் எங்களில் பலருக்கு மூக்கிலேயே நிற்கிறது. திரையில் புகையைக் கண்டாலே அது எழும்பும். அன்றிரவு எதையும் கேட்காதீர்கள். இரண்டு மூன்று நாள் கழித்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தால் தானாகவே கதை வரும். அப்போது ‘படத்தில் வேறமாதிரி இருந்ததே’ என்று மட்டும் குறுக்கே பேசிவிடாதீர்கள்.

6. இனி உங்கள் 2022. ஏப்ரல் 9 காலிமுகத்திடலில் கூடியதும், மே 9 அங்கே அடி விழுந்ததும், ஜூலை 9 ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் போனதும், ஜூலை 14 கோட்டாபய ராஜபக்ஷ பதவி விலகியதும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அவற்றை நீங்கள் எழுதத் தேவையில்லை. கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்திலேயே வீடு இருந்தும் பெற்றோலுக்கு எத்தனை மணிநேரம் நின்றீர்கள், வரிசையில் முன்னால் நின்றவர் என்ன கதைத்தார், அம்மா எதில் சமைத்தா, எந்த இடத்தில் பயந்தீர்கள், யாரோடு கோபப்பட்டீர்கள் என்பவற்றை எழுதுங்கள். பயத்தை மறைக்க வேண்டாம். நீங்கள் போகாமல் வீட்டில் இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

போன கிழமை நாலு பேருக்கும் ஆளுக்கொரு சீஆர் கொப்பி வாங்கிக் கொடுத்தேன். ஒருவன் நேற்று வந்து, ஜூலை 9 கொலன்னாவையிலிருந்து நடந்து போகும்போது மருதானையில் செருப்பு அறுந்து, மீதித் தூரம் வெறுங்காலோடு போனதாகச் சொன்னான். இது எழுதத் தக்கதா என்று கேட்டான். எந்தக் கால் செருப்பு என்று கேட்டேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, இடது என்றான். அதையும் எழுதச் சொன்னேன்.