செயற்கை நுண்ணறிவும் செலவுக் கணக்கும் – ஓர் ஆய்வு

முன்னுரை

வணிகம் செய்து வாழ்ந்த குடும்பங்களில் குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்னும் மூன்று சொற்களை அறியாதார் இலர். அன்றாட வரவு செலவை எழுதுவது குறிப்பேடு; அதனை இனம் இனமாகப் பிரித்துக் காட்டுவது பேரேடு; இறுதியில் நிலைமையை உணர்த்துவது ஐந்தொகை. கடையை அடைக்கும் முன்னர் அன்றைய கணக்கைக் கூட்டிப் பார்ப்பதை நம் முன்னோர் ஒரு கடமையாகவே கொண்டிருந்தனர். இன்று கல்வி நிலையங்களில் புகுந்துள்ள செயற்கை நுண்ணறிவுச் சேவைகளுக்கும் இத்தகைய கணக்கேடு தேவைப்படுகிறது. கணிப்பொறித் திரையின் ஓரத்தில் இருந்துகொண்டு, சேவையின் பயன்பாட்டையும் செலவையும் உடனுக்குடன் காட்டும் சிறு மென்பொருள்கள் இதற்கென வந்துள்ளன. அவற்றின் இயல்பையும், தமிழ் பயில்வோர் அவற்றால் அறியத்தக்க உண்மையையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம் துறையில் நிகழ்ந்தது

எம் துறையின் பழைய ஆண்டு மலர்களில் வெளிவந்த கட்டுரைகளுக்குப் பொருளடைவு ஒன்று தொகுக்க விரும்பினோம். தட்டச்சு செய்து வைத்திருந்த கட்டுரைகளைச் சேவை ஒன்றிற்கு அளித்துச் சுருக்கமும் தலைப்புச் சொற்களும் பெறும் பணியை மாணவர் சிலரிடம் ஒப்படைத்தோம். ஒரு திங்களுக்கென முன்பணமாகச் செலுத்திய தொகை ஒரே வாரத்தில் தீர்ந்துபோயிற்று. எங்ஙனம் தீர்ந்தது என்று கூற எவராலும் இயலவில்லை.

அப்போது மாணவர் ஒருவர், “ஐயா, தமிழில் கேட்டால் செலவு மிகும் என்கிறார்கள். இனி எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே கேட்டுவிடுவோமே” என்றார். தமிழ்த்துறையில் அமர்ந்து இச்சொல்லைக் கேட்க நேர்ந்தது எமக்கு வருத்தம் தந்தது. ஆயினும் அவர் கூற்றில் உண்மை அறவே இல்லை என்றும் தள்ளிவிட முடியவில்லை. எனவே அதனை ஆராய முற்பட்டோம்.

டோக்கன் என்னும் அளவை

ஒலியை மாத்திரையால் அளந்தவர் தொல்காப்பியர். கண்ணிமைக்கும் பொழுதும் கைந்நொடிக்கும் பொழுதும் அவர் காட்டிய அளவுகள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது நாம் அறிந்ததே. செயற்கை நுண்ணறிவுச் சேவைகள் உரையை அளக்கும் அலகு ‘டோக்கன்’ எனப்படுகிறது. இது நியாய விலைக் கடையில் பெறும் டோக்கன் அன்று. உரையை இயந்திரம் தன் வசதிக்கேற்ப வெட்டிக்கொள்ளும் துண்டு ஆகும். பத்து இலட்சம் டோக்கனுக்கு இவ்வளவு என விலை குறிப்பர். நாம் அளிப்பதற்கு ஒரு விலையும், இயந்திரம் விடையாகத் தருவதற்கு அதனினும் மிகுந்த விலையும் இருப்பது பெருவழக்கு.

‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்து மூன்று, மாத்திரை இரண்டரை. ஆனால் ஒருங்குறி முறையில் மிகரம் மகரமும் இகரக் குறியுமாகவும், ழகர மெய் ழகரமும் புள்ளியுமாகவும் பிரிந்து நிற்பதால் குறியீடுகள் ஐந்தாகின்றன. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றிற்கும் மூன்று பைட்டு வீதம் 15 பைட்டு வேண்டும். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தால் எழுதப்படும் அதே பெயருக்கு ஐந்து பைட்டே போதும்.

அடிக்கடி அடுத்தடுத்து வரும் பைட்டுகளை இணைத்து ஒரே துண்டாக்கும் முறையைப் பிலிப் கேஜ் என்பார் 1994இல் தரவுகளைச் சுருக்குவதற்காக வெளியிட்டார். அதன் வழிவந்த முறைகளே இன்று டோக்கன் பிரிப்பில் பெரிதும் பயன்படுகின்றன. பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட உரைகளில் எம்மொழி மிகுதியோ, அம்மொழியின் சொற்கள் முழுத் துண்டுகளாக அமையும். எம்மொழி குறைவோ, அது சிதறுண்டு போகும். தமிழுக்கு நேர்ந்தது இதுவே.

இதற்குச் சான்றும் உண்டு. 2024 மே திங்களில் ஜி.பி.டி-4ஓ வெளியானபோது, ஓப்பன்ஏஐ நிறுவனம் ஒரே வாழ்த்துரையைப் பல மொழிகளில் எண்ணிக் காட்டியது. முந்தைய பிரிப்பு முறையில் ஆங்கிலத்திற்கு 27 டோக்கனும் தமிழுக்கு 116 டோக்கனும் ஆயின. புதிய முறையில் ஆங்கிலம் 24, தமிழ் 35. நான்கு மடங்கினும் மிகுந்திருந்த சுமை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகக் குறைந்தது. இஃது ஓர் எடுத்துக்காட்டின் கணக்கேயாயினும், சுமைக்குக் காரணம் தமிழின் இயல்பு அன்று, பிரித்தவர் முறையே என்பதனை ஐயமற உணர்த்துகிறது.

கணக்கு மென்பொருள் இயங்கும் முறை

இம்மென்பொருள்கள் இரு வழிகளில் கணக்கெடுக்கின்றன. முதலாவது, சேவையைப் பயன்படுத்தும் கருவி நம் கணிப்பொறியிலேயே விட்டுச்செல்லும் பதிவுகளைப் படிப்பது. நாள், நேரம், உள்ளீடு, வெளியீடு ஆகியவை பதிவில் இருக்கும். அவற்றை விலைப்பட்டியலால் பெருக்கித் தொகை காட்டும். சிசியூசேஜ் என்னும் கட்டற்ற மென்பொருள் இவ்வகையினது. இரண்டாவது, திறவுச்சொல்லைக் கொண்டு சேவை நிறுவனத்தின் கணக்கையே கேட்டறிவது. முன்னதில் அக்கணிப்பொறியில் நிகழ்ந்தது மட்டுமே தெரியும். பின்னதில் பல மாணவர் பயன்படுத்தியதும் ஒருங்கே தெரியும். பதிவு குறிப்பேட்டை ஒத்தது; நாள் வாரியாகவும் பணி வாரியாகவும் காட்டும் தொகுப்பு பேரேட்டை ஒத்தது.

கணக்கு காட்டிய உண்மை

எம் துறைக் கணிப்பொறியில் இத்தகைய மென்பொருள் ஒன்றை நிறுவிப் பார்த்தோம். வெளியீட்டினும் உள்ளீடு பன்மடங்கு மிகுந்திருந்தது. காரணம் விரைவில் புலனாயிற்று. மாணவர் காலை தொடங்கி மாலை வரை ஒரே உரையாடலில் கட்டுரைகளை ஒன்றன்பின் ஒன்றாக அளித்து வந்தனர். இயந்திரத்திற்குத் தானாக நினைவு இல்லாமையால், ஒவ்வொரு வினாவின்போதும் அதுவரை நிகழ்ந்த உரையாடல் முழுவதும் மீண்டும் அனுப்பப்படுகிறது. ஒரு வினாவும் விடையும் சேர்ந்து 500 டோக்கன் எனக் கொள்வோம். பத்து வினாக்களைத் தனித்தனி உரையாடல்களாகக் கேட்டால் 5,000. ஒரே தொடர்ச்சியாகக் கேட்டால் 27,500. மீண்டும் வரும் பகுதிக்குச் சில சேவைகள் விலை குறைப்பதுண்டு. எனினும் சுமை சுமையே. கட்டுரைகள் நீண்டவையாதலின் எம் இழப்பும் பெரிதாயிற்று.

கட்டுரைக்கு ஓர் உரையாடல் என முறையை மாற்றினோம். எளிய பணிக்கு விலை குறைந்த மாதிரியைத் தேர்ந்தோம். எஞ்சிய பணி அடுத்த திங்களின் தொகைக்குள் தமிழிலேயே முடிந்தது. தமிழை விடுக்க வேண்டும் என்ற மாணவரே இம்மாற்றத்தை முன்னின்று செய்தார் என்பது எமக்கு மகிழ்வளித்தது.

கருத்தில் கொள்ளத்தக்கவை

இம்மென்பொருள் காட்டும் தொகை மதிப்பீடே. விலைப்பட்டியல் பழையதாயின் கணக்கும் பிழைபடும். சில மாதிரிகள் விடைக்கு முன் செய்யும் சிந்தனையும் வெளியீடாகக் கணக்கிடப்படுகிறது என்பதை மறத்தல் ஆகாது. திறவுச்சொல்லைப் பணப்பெட்டியின் சாவி போல் காத்தல் வேண்டும். அறியாதார் தரும் மென்பொருளிடம் அதனை ஒப்படைத்தல் தகாது. இத்தகைய மென்பொருள் பொதுவாகச் செலவை அறிவிக்குமேயன்றித் தடுக்காது. ஆதலின் உச்சவரம்பு விதிக்கும் வசதி இருப்பின், அதனைச் சேவையின் கணக்கிலேயே விதித்துவிடுதல் நலம்.

முடிவுரை

தமிழுக்குச் சுமை மிகுதி என்பது மெய்; ஆனால் எம் முன்பணத்தைத் தின்றது அச்சுமையினும் எம் கவனக்குறைவே. கணக்கு இல்லாதிருந்தால் பழியைத் தமிழ்மேல் சுமத்தி வாளாவிருந்திருப்போம். செலவுக் கணக்கு வீணைக் குறைப்பதற்கேயன்றி மொழியைக் குறைப்பதற்கு அன்று. மேலும், ஒரே பகுதியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அளித்து, இரண்டின் டோக்கன்களையும் மென்பொருளில் பார்த்து மாணவர் குறித்து வைப்பாராயின், தமிழ் சுமக்கும் மிகைச் செலவு எத்துணை என்பதற்குச் சான்று கிடைக்கும். சங்கப் பாடல், காப்பியம், செய்தித்தாள், பேச்சு வழக்கு என உரைவகை தோறும் இவ்வெண்ணிக்கையைத் தொகுப்பது பட்ட ஆய்வுக்கும் உரிய பொருளாகும். ‘தமிழுக்கு முறையைத் திருத்துக’ என்று கேட்பதற்கு அக்கணக்கே நம் கையில் உள்ள ஆவணமாக அமையும்.