எபிசோடு கணக்கு எடுபடாது

கேள்வி: டி.வி. தொடரில் வரும் பாத்திரத்துக்கு விக்கிப்பீடியாவில் தனிக் கட்டுரை எழுதலாமா என்று எப்படி முடிவு செய்வது? வருடக்கணக்கில் திரையில் வந்தால் போதாதா?

பதில்: போதாது. தொடருக்குச் சம்பந்தமில்லாதவர்கள் அந்தப் பாத்திரத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். சேனல் விளம்பரமெல்லாம் கணக்கில் வராது.

அமெரிக்கத் தொடர் 'மர்ஃபி பிரவுன்' நல்ல உதாரணம். அதில் கேன்டிஸ் பெர்கன் நடித்த செய்தியாளர் மர்ஃபி, திருமணம் செய்துகொள்ளாமலே குழந்தை பெற்றுக்கொள்வார். 1992 மே மாதம் துணை ஜனாதிபதி டான் குவேல் ஒரு கூட்டத்தில் அதைக் கண்டித்துப் பேசினார். இல்லாத பெண்ணோடு இருக்கிற துணை ஜனாதிபதிக்குச் சண்டை! பத்திரிகைகள் விடுமா? பக்கம் பக்கமாக எழுதித் தள்ளின. செப்டம்பரில் தொடரிலேயே குவேலுக்குப் பதிலும் கொடுத்தார்கள். இத்தனை நடந்த பிறகு மர்ஃபிக்குத் தனிக் கட்டுரை எழுதத் தடையென்ன?

மர்ஃபி வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்து, வருடக்கணக்கில் வேலையை முடிக்காத எல்டினை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் அவருக்குத் தொடர் பற்றிய கட்டுரையில் ஒரு பத்தி போதும் என்பேன்.

நீங்கள் எழுதியதில் கதைச் சுருக்கத்தை அடித்துவிட்டுப் பாருங்கள். மிச்சம் ஒன்றும் தேறவில்லையென்றால், பாத்திரங்களின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.