ஹெட்போனும் குறுந்தட்டுக் கருவியும்

கஞ்சிராவைச் சங்கீத மேடைக்கு ஏற்றிய பெருமை புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அவர்கட்கு உரியதென்பர். அச்சிறு வாத்தியத்தின் சில்லோசை எங்ஙனம் எழுந்து எங்ஙனம் அடங்குகின்றதென ஹெட்போன் வாயிலாகக் கேட்டு மகிழும் மாணவர், "இன்னும் விலையுயர்ந்த சி.டி. பிளேயர் வேண்டுமோ?" என வினவுதல் இயல்பே. கைப்பொருளைச் செலவிடுமுன் சிறிது ஆராய்தல் நலம்.

1982-இல் ஜப்பானில் முதன்முதல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில், இடம் வலம் ஒவ்வொன்றிற்கும் விநாடிக்கு 44,100 எண்கள் பதிந்துள்ளன. லேசர் ஒளி அவற்றைப் படிக்கும். ஓருறுப்பு அவ்வெண்களை மின்னலையாக மாற்றும். இறுதியிலுள்ள பெருக்கி அவ்வலைக்கு ஹெட்போனை இயக்கும் வலிமை தரும். பழுதற்ற கருவிகள் யாவும் கீறலற்ற தட்டினின்று படிப்பன அவ்வெண்களையே. ஆதலின் ஹெட்போனிற் கேட்போர் உணரும் வேற்றுமை பெரும்பாலும் பெருக்கியினாலேயே விளைவதாம்.

பெருக்கியின் வெளியீட்டு மின்தடை, ஹெட்போனின் மின்தடையில் எட்டிலொரு பங்கிற்கு மிகாதிருத்தல் நன்று. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம் என்க. மிகின், சில ஹெட்போன்களில் தாழ்ந்த ஓசைகள் பருத்துத் தெளிவிழக்கும். அந்நிலையிலும் பழைய கருவியை நீக்க வேண்டுவதில்லை. அதன் 'லைன் அவுட்' துளையில் தனிப் பெருக்கியொன்றை இணைத்தலே போதும்.

நிற்க. இரு கருவிகளை ஒப்பிடுங்கால் ஒலியளவைச் சமமாக்குக. சற்றே உரத்தது மேலானதெனத் தோன்றி நம்மை மயக்கும். அங்ஙனம் ஒப்பிட்டும் வேற்றுமை காணாதார், அப்பணத்தைக் கொண்டு நல்ல இசைத்தட்டுக்கள் வாங்குவாராக. கஞ்சிராவின் சில்லோசை அப்பழைய கருவியிலேயே இனிது கேட்கும்.