தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு?

ஓர் ஊரில் ஒரு பிளம்பர் இருந்தார். நல்ல வேலைக்காரர். ஒரு நாள் ஒரு மாடி வீட்டில் புதுக் குழாய் பொருத்தினார். ஓர் இணைப்பு சரியாக இறுகவில்லை. இரவில் அது கழன்றுவிட்டது. தண்ணீர் கீழே இருந்த துணிக்கடைக்குள் இறங்கியது. புடவைகள் நனைந்து சாயம் ஓடியது.

காலையில் கடைக்காரர் வந்தார்.

“80,000 ரூபாய் நட்டம். யார் கொடுப்பது?” என்று கேட்டார்.

பிளம்பரால் பதில் சொல்ல முடியவில்லை. மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போனது.

பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் இதைக் கேட்டார்.

“அண்ணே, என் ஆட்டோ யார் மேலாவது மோதினால் இன்சூரன்ஸ் கம்பெனி நட்டஈடு கொடுக்கும். உங்கள் தொழிலுக்கும் அப்படி ஒன்று இருக்கிறதே!” என்றார்.

ஆம், இருக்கிறது. அதன் பெயர் பொறுப்புக் காப்பீடு.

சட்டம் என்ன சொல்கிறது?

கூலி வாங்கிச் செய்யும் வேலை ஒரு சேவை. சேவையில் குறை இருந்தால், வேலை கொடுத்தவர் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். இதற்கான சட்டம் முதலில் 1986-இல் வந்தது. இப்போது 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவமும் சேவையே என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கடைக்காரரைப் போன்ற மற்றவர்கள் சிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

காப்பீடு இரண்டு வகை

நம் வேலையால் பிறருக்குக் காயமோ பொருள் நட்டமோ ஏற்படலாம். அதற்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு உதவும். இது பிளம்பர், எலக்ட்ரீசியன் போன்றோருக்கு ஏற்றது.

மருத்துவர், பொறியாளர், கணக்காளர் ஆகியோரின் தொழில் தவறால் பிறருக்கு நட்டம் வரலாம். அதற்குத் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு உதவும்.

கவனிக்க வேண்டியவை

- வேண்டுமென்றே செய்த தவறுக்குப் பணம் கிடைக்காது.
- பாலிசியில் எழுதிய தொகைக்கு மேல் கிடைக்காது.
- விபத்து நடந்தால் உடனே கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும்.
- கம்பெனியைக் கேட்காமல் யாருக்கும் பணம் தருவதாக ஒப்புக்கொள்ளக் கூடாது.

படித்த பிறகே கையெழுத்து

பிளம்பர் காப்பீடு எடுக்க முடிவு செய்தார். ஏஜெண்ட் படிவத்தை நிரப்பிக் கொண்டுவந்தார். பிளம்பர் பேனாவை எடுத்தார்.

“கொஞ்சம் இருங்கள்” என்றார் மனைவி. அவர் எழுத்தறிவு மையத்தில் படித்தவர். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

“தொழில்: பெயிண்டர்” என்று எழுதியிருந்தது.

“இவர் பெயிண்டர் இல்லையே! நாளைக்குக் குழாய் உடைந்தால் கம்பெனி பணம் கொடுக்குமா?” என்று கேட்டார்.

ஏஜெண்ட் படிவத்தைத் திருத்தினார். அதன் பிறகே பிளம்பர் கையெழுத்துப் போட்டார். பணம் கட்டிய ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

பதில் சொல்லுங்கள்

1. கடைக்காரருக்கு நட்டம் எப்படி வந்தது?
2. படிவத்தில் இருந்த தவறு என்ன?
3. உங்கள் வேலையால் பிறருக்கு என்ன நட்டம் வரக்கூடும்? மூன்று வரிகள் எழுதுங்கள்.