புலால் உண்ணாதார்க்கும் இரத்தக் கொழுப்பு ஏறுமோ?

கோவையில் உறவினர் ஒருவர் தம் மகனின் பரிசோதனைத் தாளுடன் என்னிடம் வந்தார். ட்ரைகிளிசரைடு 640 என்றிருந்தது. "புலால் நம் வீட்டு வாசல் ஏறியதில்லை, அக்கா! வெளியில் விரதம் தவறியிருப்பானோ?" என்று கலங்கினார். "முதலில் நீங்கள் பரிசோதித்துக் கொள்ளுங்கள்" என்றேன். அவருக்கு 380 இருந்தது.

ட்ரைகிளிசரைடு என்பது உடல் தன் ஆற்றலைச் சேமித்து வைக்கும் கொழுப்பு. நெய், எண்ணெயிலிருந்து மட்டுமன்றி, மிகுதியாக உண்ணும் அரிசி, இனிப்பு ஆகியவற்றிலிருந்தும் கல்லீரல் இதனை ஆக்கும். ஒரு டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குள் இருத்தல் இயல்பு. 2014இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வில், தமிழகம் உள்ளிட்ட நான்கு பகுதிகளில் 29.5 விழுக்காட்டினர்க்கு இது மிகுந்திருந்தது. 500-ஐக் கடந்தால் கணைய அழற்சிக்கு இடமுண்டு. 1000-ஐக் கடந்தால் அபாயம் மிகப் பெரிது. மேல்வயிற்றில் தோன்றி முதுகுக்குப் பரவும் கடும் வலியும் வாந்தியும் கண்டால் தாமதியாது மருத்துவமனை செல்க.

மரபுவழி வருவது இருவகைப்படும். முதலாவது, பல மரபணுக்கள் கூடி விளைவது, பரவலானது. நீரிழிவு, உடற்பருமன், தைராய்டு குறைவு, மது ஆகியன இதனை மிகுவிக்கும். இரண்டாவது அரியது. கொழுப்பைச் சிதைக்கும் நொதி வேலை செய்யாமையால் இரத்தம் பால்போல் வெளுக்கும். 1932இல் ஜெர்மானிய மருத்துவர் பியூர்கரும் க்ரூட்ஸும் இதனை விவரித்தனர். நலமாயுள்ள பெற்றோர் இருவரும் குறையுள்ள மரபணுவைத் தாங்கியிருப்பின், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. உறவுக்குள் மணம் புரிவதால் இவ்வாய்ப்பு கூடும்.

முதல் வகையினர் இனிப்பையும் சோற்றின் அளவையும் குறைத்து, நாள்தோறும் நடத்தல் வேண்டும். ஒப்பிட்டில் இடுவது வெல்லமேயாயினும் கணக்கில் சேரும். அரிய வகையினர்க்கோ, நாளின் மொத்தக் கொழுப்பே 15 முதல் 20 கிராமுக்குள் அடங்க வேண்டும். சந்தகைக்கு ஊற்றும் தேங்காய்ப்பாலும் இதிற் சேரும்.

மருத்துவர் தரும் ஒமேகா-3 மாத்திரை பெரும்பாலும் மீனெண்ணெய். அதன் உறையும் பெரும்பாலும் விலங்குப் பொருளே. சொல்லாமல் நிறுத்திவிடாதீர். நம் விரதத்தை முன்னரே கூறினால், ஃபெனோஃபைப்ரேட் போன்ற வேறு மருந்து பொருந்துமா என அவர் ஆராய்வார். ஆளிவிதை எண்ணெய் அதற்கு ஈடாகாது.

பொழுது சாயுமுன் உண்ணும் நமக்கு, மறுநாட்காலை வெறும் வயிற்றில் இரத்தம் கொடுப்பது எளிது. வீட்டில் ஒருவர்க்கு மிகுந்திருப்பின், பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் யாவரும் பரிசோதித்துக் கொள்க. தந்தையின் சோதனைக்குப் பின்னரே, அம்மகன் மீதிருந்த ஐயம் நீங்கியது.