பலகை சொன்னால் போதுமா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்தக் கடைப் பலகையைப் பார்த்தாலும் 'ஒரிஜினல் பால்கோவா'. எது உண்மை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகி, ராஜபாளையம்

பக்கத்து ஊர்க்காரரான உங்களுக்கே இந்தக் கதியா! சைவ சித்தாந்திகள் உண்மையை அறியக் காட்சி (நேரில் காண்பது), கருதல் (அடையாளம் கொண்டு ஊகிப்பது), உரை (நம்பத் தகுந்தவர் சொல்) என்று மூன்று அளவை வைத்திருக்கிறார்கள். பலகை வெறும் உரை. அதுவும் விற்கிறவர் சொல். 2019இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் உரைதான், ஆனால் அரசு விசாரித்துக் கொடுத்தது. காட்சிக்கு, கடையின் பின்புறம் எட்டிப் பாருங்கள்: சட்டியில் பாலும் சர்க்கரையும் மட்டும் சுண்டுகிறதா? உள்ளே விடவில்லையா, கருதலுக்கு வாருங்கள். துளி கோவாவைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியதும் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள். நீலம் பாய்ந்தால் மாவு கலந்திருக்கிறது. பாயாவிட்டால் மாவு இல்லை, அவ்வளவுதான். ஊர் எதுவென்று அயோடினுக்குத் தெரியாது. டப்பாவைத் திருப்பி, தயாரித்த முகவரியைப் படியுங்கள். சோதித்த துண்டை மட்டும் ஆசைப்பட்டு வாயில் போட்டுவிடாதீர்கள்.