ஒளியின் விரைவு

கருதலளவை காண்டலை வழியாகக் கொண்டு பிறப்பது. காணாத இடத்தும் கண்டதன் முறையே செல்லுமெனத் துணியுங்கால், அத்துணிவு மீண்டும் காண்டலாற் சோதிக்கப்படல் வேண்டும். அளவைநூல் பயில்வார்க்கு இதனை விளக்க, ஒளியின் விரைவு தக்கதோர் எடுத்துக்காட்டாம்.

மணிக்கு 40 கிலோமீட்டர் செல்லும் புகைவண்டியினுள், அது செல்லுந் திசையிலேயே ஒருவன் மணிக்கு 5 கிலோமீட்டர் விரைவில் நடப்பனாயின், உடனிருப்பானுக்கு அவன் விரைவு 5. நிலத்தில் நிற்பானுக்கு 45. ஒளியும் இவ்வாறே காண்பான் நிலைக்கேற்ப விரைவு வேறுபடுமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

ஒளி செல்லுதற்குக் காலம் வேண்டுமென்பதனை 1676-இல் ரோமர் என்னும் டென்மார்க்கு நாட்டு வானநூற் புலவர் காட்டினார். வியாழனைச் சுற்றும் அயோ என்னும் துணைக்கோளின் மறைவு, பூமி வியாழனை விட்டு அகலுங்காற் கணித்த காலத்திற்குப் பிந்தியும், அணுகுங்கால் முந்தியும் காணப்பட்டமையே அதற்குச் சான்று. வெற்றிடத்தில் ஒளியின் விரைவு விநாடிக்கு 2,99,792.458 கிலோமீட்டர். கதிரவனொளி நம்மையடைய 8 நிமிடத்திற்குச் சிறிது மேற்படும்.

அற்றேல், விநாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடும் பூமியிலிருந்து நோக்குவார்க்கு, பூமி செல்லுந் திசையில் ஒரு விரைவும், குறுக்கே வேறு விரைவும் தோன்றல் வேண்டுமன்றோ எனின், அங்ஙனமே எதிர்பார்த்து மைக்கல்சன், மார்லி என்னும் இருவர் 1887-இல் அமெரிக்காவிலுள்ள கிளீவ்லாந்து நகரிற் சோதித்தனர். ஓர் ஒளிக்கற்றையை நெடுக்கும் குறுக்குமாகப் பிரித்துக் கண்ணாடிகளால் மீட்டு ஒன்றுகூட்டி, கருவியைத் திருப்பி நோக்கியும் எதிர்பார்த்த வேறுபாடு காணப்பட்டிலது.

ஒளியை விடுக்கும் பொருள் விரைந்தோடின் ஒளியின் விரைவும் மிகுமோ எனின், அதுவும் இல்லை. ஒளியின் விரைவை மிக அணுகி ஓடும் பையான் என்னும் நுண்துகள்கள் சிதைந்து விடுத்த காமாக் கதிரும், அதே விரைவிற் சென்றமை 1964-இல் ஜெனீவாவையடுத்த ஆராய்ச்சி நிலையத்தில் அளந்தறியப்பட்டது. காமாக் கதிர் ஒளியினமே என்க.

இஃதெங்ஙனம் கூடுமெனின், 1905-இல் ஐன்ஸ்டைன் கூறிய விடை வருமாறு: விரைவாவது தொலைவைக் காலத்தால் வகுத்த ஈவு. ஒருபடித்தாய் இயங்கும் எல்லார்க்கும் ஒளியின் விரைவு ஒன்றேயாயின், தொலைவும் காலமுமே காண்பார்க்கேற்ப வேறுபடல் வேண்டும். ஓடும் வண்டிப் பெட்டியின் நடுவே விளக்கேற்றின், உள்ளிருப்பானுக்கு ஒளி முன்சுவரையும் பின்சுவரையும் ஒருங்கே சேரும். நிலத்தில் நிற்பானுக்கோ, பின்சுவர் ஒளியை எதிர்ந்து வருதலின் அதனை முன்னரும், முன்சுவர் விலகிச் செல்லுதலின் அதனைப் பின்னரும் சேரும். இருவர் கூற்றும் மெய்யே.

ஆகவே 40-உம் 5-உம் சேர்ந்து 45 என்றதும் முற்றும் நேரிதன்று. உண்மை அதனினும் மிகமிகச் சிறிதே குறைவு. வண்டியின் விரைவில் அக்குறை புலப்படாமையின், கூட்டல் முறையை எங்கும் செல்வதாகக் கொண்டோம். காலம் யாவர்க்கும் ஒன்றே என்பதும் அவ்வாறு ஆராயாது கொண்டதொன்றே என அறிக.